பட்டாளத்துல இருந்து காத்தாடி (காற்றாலை) வேலைக்கு: போனவங்க அனுபவம் சொல்லுங்க

முன்னாள் ஹவில்தார், ஆரல்வாய்மொழி:
ராணுவத்துல வண்டி, மெஷின் பழுது பார்க்குற ஈ.எம்.இ. பிரிவுல 17 வருஷம் வண்டி மெக்கானிக். 37 வயசுல பென்சன் வந்தேன். எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா முப்பந்தல் காத்தாடி வரிசையா தெரியும். அங்கயே வேலை கேட்டுப் போனேன். "மிலிட்டரியா? செக்யூரிட்டி போஸ்ட் இருக்கு"ன்னாங்க. பட்டாளத்தான்னா கேட்லதான் நிக்கணும்னு யாரு எழுதிவெச்சாங்களோ! எட்டு மாசம் நின்னேன்.

தப்பு என் பக்கமும் இருக்கு. பயோடேட்டாவுல யூனிட் பேரு, போஸ்டிங் போன ஊரு, மெடல் எல்லாம் எழுதியிருந்தேன். படிக்கிற ஆளுக்கு அது ஒண்ணும் விளங்கலை. பிறகு கியர்பாக்ஸ் பிரிச்சு மாட்டினது, ஹைட்ராலிக் பம்ப் பார்த்தது, ஜெனரேட்டர் ஓட்டினதுன்னு செய்த வேலையை மட்டும் எழுதிக் கொடுத்தேன். டெக்னீஷியனா எடுத்துக்கிட்டாங்க. காத்தாடிக்குள்ளயும் அதே சாமான்தானே, உசரத்துல இருக்கு, அவ்வளவுதான்.

அந்த உசரம்தான் பாடம் சொல்லிச்சு. ரெண்டாவது வாரம், 80 மீட்டர் டவர், லிஃப்ட் கிடையாது. மேல நாசெல் (டவர் உச்சியில மெஷின் இருக்குற கூடு) வாசல்ல ஏணியை விட்டு மாறுறப்போ ஹார்னஸ்ல, அதான் உடம்புல மாட்டுற பாதுகாப்பு வார்ல, இருக்குற ரெண்டு கொக்கியையும் ஒரே நேரத்துல கழட்டிட்டேன். ஒரு கொக்கி எப்பவும் மாட்டியே இருக்கணும். கூட ஏறின கயத்தாறு பையனுக்கு 24 வயசு, டிப்ளமோ. "அண்ணாச்சி, கீழ இறங்குங்க"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாரம் ஏறவே விடலை. என் செக்‌ஷன்ல அவன் வயசுப் பயலுவளை நான் எப்படி விரட்டியிருப்பேன்! கீழ உக்காந்து கயிறு சுத்திக்கிட்டிருந்தேன். இன்னைக்கும் அவன்தான் எனக்கு உஸ்தாத்.

விமானப்படை ஓய்வு, உடுமலை:
ஹவில்தார் அண்ணா சொன்னது சரிங்க. எனக்கு எதிர்மாறா ஒரு விசயம் நடந்துச்சு. விமானத்துல வேலை முடிஞ்சா டூல் எல்லாம் எண்ணிப் பார்க்காம மூடமாட்டோம். இங்கயும் அப்படியே எண்ணினேன், பசங்க சிரிச்சாங்க. ஒரு நாள் ஒரு ஸ்பேனர் குறைஞ்சுது. முக்கால் மணி நேரம் தேடினோம், காத்து வர்ற பக்கம் காத்தாடித் தலையைத் திருப்புற யா கியர் பக்கத்துல கிடந்துச்சுங்க. இப்ப அவங்களே எண்ணறாங்க. போல்ட்டை டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவு விசையில முறுக்குற ஸ்பேனர்) வெச்சு முறுக்கினதும் மார்க்கர்ல கோடு போடறதும் நமக்குப் பழகினதுதான். கோடு விலகியிருந்தா போல்ட் தளர்ந்திருக்குன்னு அர்த்தம்.

ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) டிரைவர், சங்கரன்கோவில்:
எனக்கு முட்டி போச்சு, ஏற முடியாது. பிளேடு ஏத்துற டிரெய்லர் ஓட்டுதேன். இப்ப வர்ற பிளேடு சிலது 60 மீட்டருக்கு மேல. காஷ்மீர்-லடாக் ரோட்டுல ஸோஜி லா மலைக்கணவாய் வளைவுல கான்வாய் ஓட்டினவன் நான். ஆனா ஒரு கிராமத்து முக்குல, டீக்கடைத் தட்டியைக் கழட்டச் சொல்லிக் கெஞ்சினதுதான் பெரிய சண்டை. கடைக்காரம்மா கழட்டவும் செஞ்சு, டீயும் கொடுத்தாவ.

சர்வீஸ்ல இருக்கேன், இன்னும் 11 மாசம்:
அண்ணே, இப்பவே என்ன செய்யணும்?

முன்னாள் ஹவில்தார், ஆரல்வாய்மொழி:
தம்பி, கடைசிக் காலத்துல டி.ஜி.ஆர்.னு படைவீரர் மறுவாழ்வுக்கான அரசு இயக்ககம் நடத்துற கோர்ஸ் இருக்கும், யூனிட்ல கேட்டு விண்ணப்பம் போடு. ஜி.டபிள்யு.ஓ.ன்னு உலகக் காத்தாடிக் கம்பெனிகளோட அமைப்பு வகுத்த பாதுகாப்புப் பயிற்சியில முதலுதவி, தீ, உயரத்துல வேலை, பாரம் தூக்குறது வரும். சான்று ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால வேலை உறுதியாகாம கைக்காசு போட்டு முடிச்சிராதே. ஊருக்கு வந்ததும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பதிஞ்சிரு. எடையைக் குறை, ஹார்னஸுக்கு ஒரு அளவு உண்டு.

நேர்ல பேசணும்னா ஐப்பசிக்கு மேல வா. சீசன் காத்து அடங்கினாத்தான் காத்தாடி சர்வீஸ் வேலை, நீயும் கிட்ட நின்னு பார்க்கலாம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால இறங்கிப் போன் போடு. எடுக்கலேன்னா மேல இருக்கேன்னு அர்த்தம், டீ குடிச்சிக்கிட்டு இரு.