கோவா வாடகை கார்: முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள்

கோவாவில் தபோலிம் விமான நிலையத்தில் செல்ஃப் டிரைவுக்கு ஒரு ஸ்விஃப்ட் எடுத்தோம். போன வாரம் திருப்பிக் கொடுத்தபோது, முன்பக்க பம்பருக்கு அடியில் கீறல் என்று சொல்லி 10,000 ரூபாய் முன்பணத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அது பழைய கீறல். வண்டியை எடுக்கும்போதே சுற்றிவந்து வீடியோ எடுத்திருக்கிறேன். கீறலுக்குள் செம்மண் காய்ந்து ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது.

அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பழுது பார்த்த பில் கேட்டால் "ஒர்க்‌ஷாப்ல இருக்கு" என்கிறார் உரிமையாளர். பணம் யுபிஐயில் அவர் சொந்தப் பெயருக்குப் போயிருக்கிறது. நீங்களே அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறது வங்கி. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தாயிற்று. அசைவில்லை.

இன்னொன்று, வண்டிக்கு வெள்ளை நம்பர் பிளேட். செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். அதாவது சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டிருக்கிறார். (அங்கே இது சர்வசாதாரணம் போல!)

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஒப்பந்தம் ஏதும் இல்லாமல், இப்படி ஒரு வெள்ளை பிளேட் வண்டிக்காக வழக்குப் போட்டு யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?