போர் ஆண்ட்ராய்டின் மனமாற்றம்: ரென்பை விளையாட்டில் ஒரு சிக்கல், யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. ரென்பை என்ற, கதை விளையாட்டுகள் செய்யும் மென்பொருளில் உருவாகும் விளையாட்டு இது. நாயகி ஒரு போர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ இயந்திரம். தன்னை யார், எதற்காகச் செய்தார்கள் என்பது அவளுக்கே தெரியாது. அந்த மர்மம் 6 நினைவுத் துண்டுகளாக வெளிவரும்.

'கருணை' என்று ஒரே மாறி (தேர்வுகளுக்கேற்ப ஏறி இறங்கும் எண்) வைத்தால் சரிவராது. எண்ணை ஏற்றுவதற்காகவே ஆட்டக்காரர் எல்லாரையும் உயிரோடு விடுவார், அவள் எதையும் கற்றதாகத் தெரியாது. ஆகவே மூன்று மாறிகள். கீழ்ப்படிதல் 10-இல் தொடங்கி இறங்கும். கட்டளையை மீறினால் சந்தேகம் 1 ஏறும். பொறுப்பு மட்டும், மீறியதன் விளைவை அவளே சுமந்தால்தான் ஏறும்: உயிரோடு விட்ட காவலாளி அபாய மணி அடித்து அகதிகள் இருவர் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களை மீட்கத் திரும்பிப் போனால் 2. மூன்றையும் ரென்பையின் டிஃபால்ட் என்ற நிரல் கட்டளை கொண்டே அறிவித்திருக்கிறோம். டிஃபைன் என்ற கட்டளை போட்டால், மாறிய எண் ஆட்டத்தின் சேமிப்பில் பதியாது. முக்கியத் தேர்வுகளுக்குப் பின் ரோல்பேக்கும் (பின்னோக்கிப் போய்த் தேர்வை மாற்றும் வசதி) தடுக்கப்பட்டிருக்கிறது.

இடிப்பது நான்காம் துண்டு. அவளுடைய சிப்பில் கற்கும் திறனை யாரோ வேண்டுமென்றே திறந்துவிட்டது அதில் தெரிகிறது. சந்தேகம் 3-ஐத் தொடும் முன்பே அது கிடைத்துவிட்டால், பிறகு அவள் செய்யும் நல்லதெல்லாம் சிப்பின் வேலையாகிவிடுகிறது. டெர்மினேட்டர் 2 (1991) படத்தில் ஒரு கொலை இயந்திரம் மனம் மாறுகிறது; அதன் திரையரங்குப் பதிப்பில் சிப்பைத் திறக்கும் காட்சியே இல்லை, ஆனாலும் மாற்றம் நம்பும்படி இருக்கிறது. கொல்லாதே என்பது அங்கே அந்த இயந்திரத்துக்கு முதலில் வெறும் கட்டளைதான்.

சந்தேகம் 3 ஆகும்வரை துண்டைப் பூட்டினால், மூலைமுடுக்கெல்லாம் தேடும் ஆட்டக்காரருக்கு வெறுங்கை. பூட்டாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? கிளைக்கதை எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.