திபேரியஸ் தினாரியஸில் அமர்ந்திருக்கும் பெண் யார்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என்னிடமுள்ள ரோமானிய வெள்ளிக்காசு (தினாரியஸ்) ஒன்றை அடையாளம் காண உங்கள் உதவியை நாடுகிறேன். முன்புறத்தில் வாகை மாலை சூடிய பேரரசர் திபேரியஸின் (கி.பி. 14–37) தலை இருக்கிறது. பின்புறத்தில் ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ (தலைமைக் குரு என்னும் பட்டம்) என்ற எழுத்துகளின் நடுவே, ஒரு கையில் நீண்ட கோலும் மறு கையில் கிளையும் ஏந்தி, வலப்பக்கம் நோக்கி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கொங்குப் பகுதிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்த வகை இது.

இவளை அமைதித் தெய்வமான பாக்ஸ் என்றும், அவ்வடிவில் அமர்ந்த பேரரசரின் தாய் லிவியா என்றும் அறிஞர்கள் கூறுகின்றனர். காசில் பெயர் ஏதும் இல்லை. இதே உருவம் முந்தைய பேரரசர் அகஸ்டஸின் இறுதி ஆண்டுக் காசுகளிலேயே வந்துவிடுவதால், லிவியா என்ற கருத்தை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

என் காசில் நாற்காலியின் கால்கள் மணி கோத்தாற்போல் கடைந்த வேலைப்பாட்டுடன் உள்ளன. பாதத்தின் கீழ் ஒற்றைக் கோடு ஓடுகிறது. கோலின் கீழ்முனை ஈட்டிபோல் கூராகத் தெரிகிறது. நாற்காலிக் கால்களையும் அடிக்கோட்டையும் கொண்டு காசு வெளியீடுகளைக் கால வரிசைப்படுத்துவதை அறிந்தவர்கள், இது முற்பட்டதா பிற்பட்டதா என்று கூற வேண்டுகிறேன். தலைகீழாகப் பிடித்த ஈட்டி உருவத்தின் அடையாளத்தை மாற்றுமா என்பதையும் தயவுசெய்து விளக்குங்கள்.