மாலத்தீவில் ஸ்கூபா விடுமுறை: ‘எல்லாம் அடக்கம்’ என்றால் எதெல்லாம்?

நெய்தல்:

மாலத்தீவுக்கு ஸ்கூபாவுக்காக (முதுகில் காற்றுக்கலத்தோடு கடலுக்குள் இறங்குவது) போக நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ரிசார்ட் படங்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். எந்த மாதம் போகிறீர்கள், கடலில் எதைப் பார்க்க ஆசை, அது அந்த மாதத்தில் எந்த அட்டோல் (வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) பக்கம் வருகிறது என்பதை முடிவு செய்யுங்கள். ரிசார்ட்டை அதற்குப் பிறகு தேடலாம். வில்லாவும் நீச்சல் குளமும் எல்லாத் தீவிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கடல் அப்படி இல்லை.

எங்களுக்கு ஆனைத்திருக்கையை (மாண்டா ரே) பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் நவம்பர் வரை மிதவை உயிரிகள் அட்டோல்களின் கிழக்கு விளிம்பில் சேர்கின்றன. அவற்றைத் தின்ன திருக்கைகளும் அங்கே வருகின்றன. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடா இதற்குப் பேர்போன இடம். பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆகவே ஆகஸ்ட் மாதம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். நாங்கள் அணுகிய பயண முகவர்கள் எல்லோரும் “அது மழைக்காலம் மேடம், டிசம்பரில் போங்கள்” என்றார்கள். மணலில் படுத்திருக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. ஆனால் டிசம்பரில் காற்று திசை மாறிவிடும். தெளிந்த நீர் கிழக்கே வரும், திருக்கைகள் மேற்கே போய்விடும். ஆகஸ்டில் ரிசார்ட் கட்டணமும் குறைவு.

இனி ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்களுக்கு வந்த முதல் கட்டணத் தாளில் தங்குமிடம், மூன்று வேளை உணவு, பானங்கள், மாலை நேரப் படகுச் சவாரி, ‘டைவிங்’ என்று வரிசையாக இருந்தன. அந்த டைவிங் என்ன என்று எழுத்தில் கேட்டேன். நீச்சல் குளத்தில் ஒரு மணி நேர அறிமுகப் பயிற்சியாம். ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் எங்களுக்கு அதனால் என்ன பயன்? இன்னொரு ரிசார்ட், ‘வரம்பில்லாத டைவிங்’ என்று போட்டிருந்தது. கேட்டால், தீவை ஒட்டிய பவளப்பாறையில் கரையிலிருந்து இறங்குவது மட்டும்தான் வரம்பில்லாதது. தோணியில் ஏறி வெளியே போனால் ஒவ்வொரு முறையும் தோணிக் கட்டணம் தனி, மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரும், மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. உடுப்பும் வாடகைக்கு எடுத்தால் அதுவும் தனி, எல்லாவற்றின் மேலும் சேவைக் கட்டணமும் வரியும். சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு. கடல்விமானக் கட்டணம் பல தொகுப்புகளில் சேர்க்கப்படுவதே இல்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய தொகை.

ஆகவே நான் எல்லா ரிசார்ட்டுகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். தினமும் இரண்டு தோணி டைவ், முழு உபகரணம், வரிகள், போக்குவரத்து என அத்தனையும் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். மலிவாகத் தெரிந்த ஒன்று பட்டியலின் அடிக்குப் போனது; விலை அதிகம் என்று தோன்றிய ஒன்று மேலே வந்தது. அதில் பத்து டைவ் கொண்ட தொகுப்பும் ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் கலவைக் காற்றும் சேர்ந்திருந்தன. அதைத்தான் எடுத்தோம்.

ஹனிஃபாருவில் ஸ்கூபா கிடையாது. 2012 முதல் தடை. நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிடும் ஸ்நார்க்கல் மட்டும், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், குறிப்பிட்ட நேரம் மட்டும். இது தெரியாமல் பத்து டைவுக்குப் பணம் கட்டி வருகிறவர்கள் முதல் நாளே டைவிங் மையத்தில் சண்டை போடுவதைப் பார்த்தேன். அந்தத் தடை சரியானது என்பது என் உறுதியான கருத்து. விரிகுடா சின்னது. அதற்குள் ஐம்பது திருக்கைகள் வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும்போது நடுவில் காற்றுக்குமிழிகளை விட்டுக்கொண்டு மனிதன் கிடக்கக் கூடாது. நான் மேலே அசையாமல் மிதந்தேன். ஒன்று எனக்கு நேர் கீழே குட்டிக்கரணம் போட்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. அந்த வயிற்றுப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆய்வாளர்கள் அவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு திருக்கையையும் அடையாளம் காண்கிறார்கள். என் படத்தை வழிகாட்டி அவர்களுக்கு அனுப்பி வைத்தார்.

ஸ்கூபாவில் பார்த்தது தரவந்தூ திலாவில். கடலடியில் எழும்பி நிற்கும் அந்தப் பாறைக்குத் திருக்கைகள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வருகின்றன. சின்ன மீன்கள் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும்வரை அந்தப் பெரிய உடம்பு ஒரே இடத்தில் நிற்கிறது. பாறையின் ஓரத்தில் தாழ்ந்து இருந்தோம், யாரும் துரத்தவில்லை. அது தானாகவே எங்கள் தலைக்கு மேல் வந்து போனது.

தென்குமரி:

நெய்தல் அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரிசார்ட் மட்டும்தான் வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009 முதல் அனுமதி இருக்கிறது. நான் தெற்கு ஆரி அட்டோலில் உள்ள திகுரா தீவில் தங்கினேன். மூன்று வேளை உணவு, தினமும் இரண்டு டைவ், மாலேயிலிருந்து விரைவுப் படகு என்று ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். சிறிய விருந்தினர் இல்லங்களில் பசுமை வரியும் ஆறு டாலர்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து மாலே கூப்பிடு தூரம். இந்தியர்களுக்கு வந்திறங்கும்போதே விசா இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது, ரிசார்ட் தீவுகளில் கிடைக்கும். நீச்சலுடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் பந்து விளையாடும் பிள்ளைகளுமாக அது ஓர் ஊர். விருந்தாளி ஊருக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும். காலையில் மாஸ் ஹுனி கொடுப்பார்கள். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்து, ரொட்டியோடு. நம் வீட்டு மாசிக் கருவாடு காலங்காலமாக எந்தக் கடலிலிருந்து வந்தது என்று நினைத்தபடி சாப்பிட்டேன்.

நான் போனது அம்மணி உழுவைக்காக. திமிங்கிலச் சுறா என்று புத்தகங்களில் இருக்கும். எங்கள் கடற்கரையில் பெரியவர்கள் அம்மணி என்பார்கள். தெற்கு ஆரியில் அது ஆண்டு முழுவதும் தென்படுகிறது, பெரும்பாலும் இளம் ஆண் சுறாக்கள். 2009இல் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவித்தார்கள். நாங்கள் முதலில் பார்த்தபோது அதைச் சுற்றி அத்தனை படகுகள். ஆட்கள் முண்டியடித்துக் குதித்தார்கள். அது இரண்டு முறை வாலை அசைத்து ஆழத்துக்குப் போய்விட்டது. எனக்குக் கோபமும் வருத்தமும் தாளவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் எங்கள் தோணிக்காரர் தனியாக அழைத்துப் போனார். மேலே கூட்டம் இல்லை. பாறையின் ஓரத்தில் நாங்கள் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் வந்தது. பஸ் நீளம் என்று சொல்லுவார்கள். அது ஆறு மீட்டர் இருக்கும், எனக்கு அதுவே போதும். முதுகில் புள்ளிகளும் கோடுகளும், கூடவே ஒட்டுமீன்கள். என்னைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது.

ஆகவே பதிவு செய்யும்போது இதையும் கேளுங்கள்: சுறா தேடிப் போகும் படகில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள்? பத்து மணிக்கு மேல் கிளம்பும் பெரிய படகுப் பயணத்தைத்தான் ‘இலவசச் சுற்றுலா’ என்று பல தொகுப்புகளில் சேர்க்கிறார்கள்.

குமிழி:

நான் மருத்துவர், டைவும் செய்பவள். தொகுப்பில் மது அடக்கம் என்பதைப் பெரிய சலுகையாக எண்ணிப் பணம் கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். இரவில் குடித்து, நீர்ச்சத்து குறைந்த உடம்போடு, காலையில் முப்பது மீட்டர் இறங்குவது அழுத்தநோய்க்கு (மேலே ஏறும்போது உடம்புக்குள் வாயுக்குமிழிகள் உண்டாவது) வழிவிடுவதாகும். மது அடங்காத, மூன்று வேளை உணவு மட்டும் உள்ள தொகுப்பு மலிவு. டைவருக்கு அதுவே மேல். மிச்சமாகும் பணத்தில் டைவர் காப்பீடு எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது, அல்லது குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் சேராது.

எங்கள் தோணியில் வந்த ஒருவருக்கு மாலையில் தோள்வலியும் தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பும் வந்தன. டைவிங் மையத்தார் உடனே ஆக்சிஜன் கொடுத்து, அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்தக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார்கள். மாலே அருகே பண்டோஸ் தீவில் அத்தகைய கூடம் இருக்கிறது. மறுநாளுக்குள் நலமாகிவிட்டார். அவரிடம் காப்பீடு இருந்ததால் யாரும் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நேரத்தை வீணாக்கவில்லை. உங்கள் ரிசார்ட்டிலிருந்து மிக அருகில் உள்ள அழுத்தக்கூடம் எது என்று பதிவு செய்யும் முன்பே கேட்டு வையுங்கள்.

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதுவானாலும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கையொப்பம் வாங்கிப் போங்கள். தீவில் போய் ‘ஆம்’ என்று ஒரு கட்டத்தில் குறித்தால், மருத்துவர் சான்று வரும்வரை நீரில் இறக்க மாட்டார்கள். கட்டிய தொகை திரும்புமா என்பது தொகுப்பின் விதியைப் பொறுத்தது.

புதிதாய்ப் போகிறேன்:

அக்கா, எனக்குச் சான்றிதழ் இல்லை. ரிசார்ட்டிலேயே பயிற்சி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அம்மாவும் வருகிறார், அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் என்ன செய்வார் என்று யோசனையாக இருக்கிறது.

நெய்தல்:

தம்பி, பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். புதுச்சேரியிலும் சென்னையிலும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. கடலில் இறங்கும் நான்கு பயிற்சி டைவ்களை மட்டும் மாலத்தீவில் செய்யலாம். ஊர்ப் பயிற்றுநர் தரும் பரிந்துரைத் தாள் ஓராண்டு செல்லும். விடுமுறையின் பாதியை வகுப்பறையில் கழிக்க வேண்டாம். முழுவதையும் ஊரிலேயே முடித்தால் இன்னும் நல்லது. அடிப்படைச் சான்றிதழுக்குப் பதினெட்டு மீட்டர் வரை அனுமதி.

அம்மாவுக்காக, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை தொடங்கும் தீவைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தீவிலும் அப்படி இருக்காது; சில தீவுகளில் நடுவே ஆழமற்ற பரப்பு நெடுந்தொலைவு கிடக்கும். மிதவை உடுப்பு அணிவித்து, வழிகாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால், நீச்சல் தெரியாதவர்களும் முகத்தை நீரில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் தீவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அப்படித்தான் கடலாமையைப் பார்த்தார். கரைக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். 2016இலும் 2024இலும் கடல் சூடேறியதில் பவளம் வெளுத்தது; பல இடங்களில் இன்னும் முழுதாகத் தேறவில்லை. பழைய படங்களை நம்பாமல், அண்மையில் எடுத்த நீரடிப் படங்களை டைவிங் மையத்திடம் கேளுங்கள். நல்ல மையம் தயங்காமல் அனுப்பும்.

நீரோட்டம்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாலத்தீவின் சிறந்த டைவ்கள் கால்வாய்களில் இருக்கின்றன. கந்து என்பார்கள். கடல் அட்டோலுக்குள் புகும் வாய் அது. நீர் உள்ளே பாயும்போது சாம்பல் சுறாக்கள் வாயிலில் வரிசைகட்டி நிற்கும். 2010இல் சுறாப் பிடிப்பை நாடு முழுதும் தடை செய்ததன் பலனை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு, கயிறு முறுக்கேற, முகமூடி அதிர அந்த ஓட்டத்தில் நின்றேன். ஒவ்வொரு சுறாவும் துளி முயற்சியில்லாமல் நின்றது. வாழ்நாளில் அதைவிட மேலான அரைமணி எனக்கு இல்லை.

ஆனால் இது புதியவர்களுக்கானது அல்ல. முதல் நாள் சோதனை டைவ் வைப்பார்கள், அதற்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு முப்பது மீட்டர்தான் சட்ட வரம்பு, எவ்வளவு அனுபவம் இருந்தாலும். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கணினியும், படகுக்கு நம் இடத்தைக் காட்டும் மிதவைக் குழலும் ஆளுக்கொன்று வேண்டும். வாடகைப் பட்டியலில் அவை ‘முழு உபகரணம்’ என்பதற்குள் வருகின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் வருவதில்லை.

நெய்தல்:

உண்மை, எங்களுக்கும் கணினி வாடகை தனியாகத்தான் இருந்தது.

விமானத்தைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: கடல்விமானம் பகலில் மட்டும் பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்கினால் அன்றைக்குக் கிடைப்பது அரிது. இரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் தொகுப்பில் இருக்காது. பா அட்டோலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தரவந்தூவில் உள்நாட்டு விமான நிலையம் உண்டு. அங்கிருந்து ரிசார்ட் படகு வந்து கூட்டிப்போகும். கடல்விமானத்தில் பெட்டி இருபது கிலோ, கைப்பை ஐந்து கிலோ. சொந்த உபகரணம் கொண்டுபோகிறவர்கள் கூடுதல் எடைக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

திரும்பும் நாளையும் கணக்கில் வையுங்கள். பல டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது பதினெட்டு மணி நேரம் பறக்கக் கூடாது. எங்கள் மையம் இருபத்துநான்கு மணி நேரம் என்று கறாராக இருந்தது. அப்படியானால் கடைசி நாளில் டைவ் இல்லை. ஏழு நாள் தங்கி ஏழு நாளும் டைவ் என்று எழுதித் தரும் தொகுப்பில் பயன்படுத்தவே முடியாத டைவ்களுக்கும் பணம் வாங்குகிறார்கள். அதைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குக் குறைத்தார்கள்.