புதுப்பிப்பு: சிதறிக் கிடந்த 41,000 படங்கள் என்னவாயின?

பழைய கணினி, மூன்று செல்போன், இரண்டு ஹார்டு டிஸ்க் என்று சிதறிக் கிடந்த குடும்பப் படங்களை என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒருவழியாக முடித்துவிட்டேன். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளான டிஜிகேமில் ஒரே படத்தின் நகல்களைத் தேடிக் கழித்ததும் 26,000 மிஞ்சியது.

தேதிதான் பாடாய்ப் படுத்தியது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்குள் எடுத்த தேதி இல்லை. கோப்புப் பெயரில் இருந்த தேதியை, படத்தின் உள்விவரங்களைத் திருத்தும் கருவியான எக்ஸிஃப்டூல் மூலம் உள்ளே எழுதினேன். ஆனால் அது படம் வந்து சேர்ந்த நாள். 2008-இல் நடந்த அக்கா கல்யாணத்தின் நலங்குப் படம் 2019-இல் போய் உட்கார்ந்துகொண்டது! அப்படிப்பட்டவற்றை அம்மாவைக் கேட்டுக் கேட்டுக் கையால் திருத்துகிறேன்.

அப்புறம் பேக்கப்: ஒன்று வீட்டில், ஒன்று அக்கா வீட்டில், ஒன்று கிளவுடில். செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டதில் 14 கோப்புகள் சரியாக நகலாகவில்லை என்று தெரிந்தது, மறுபடி ஏற்றிவிட்டேன்.