பூஜ் நிலநடுக்கம் 2001: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

முன்பு மணிநகர், இப்போது சென்னை:

2001 ஜனவரி 26. அப்போது அகமதாபாத் மணிநகரில் குடியிருந்தோம். குடியரசு தின அணிவகுப்பு பார்க்கலாம் என்று டிவியைப் போட்டு வைத்திருந்தேன். காலை 8:46 இருக்கும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாடியில் யாரோ கிரைண்டர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சுவரே ஆடியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம்.

எங்கள் பழைய இரண்டு மாடி வீட்டில் விரிசல் மட்டும்தான். அடுத்த தெருவில் புதிதாகக் கட்டிய நான்கு மாடி அடுக்ககம், கீழே முழுக்க கார் நிறுத்தும் இடம். அந்தத் தளமே காணவில்லை. முதல் மாடி பால்கனி கம்பி என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதில் காயப்போட்ட துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் அந்தத் துண்டை மறக்க முடியவில்லை.

நிலநடுக்கத்தின் மையம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் பக்கம், எங்களுக்கு 200 கி.மீ.க்கு அப்பால். அவ்வளவு தூரத்தில் இருந்த அகமதாபாத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏன் அந்தக் கட்டடம் மட்டும் அப்படி உட்கார்ந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டுமானப் பொறியாளர், கோவை:

ஐயா, நீங்கள் பார்த்ததை நாங்கள் மென்தளம் என்போம். மேல் மாடிகளில் பில்லர்களுக்கு இடையே செங்கல் சுவர் நிறைந்திருப்பதால் அவை ஒரே பெட்டி போல விறைப்பாக நிற்கும். கீழே சுவர் இல்லை, வெறும் பில்லர். நிலம் பக்கவாட்டில் அசைந்தால் வளைவதெல்லாம் அந்த ஒரு தளத்தில்தான் வளையும். சாபர்மதிக் கரையின் ஆழமான வண்டல் மண் தொலைவிலிருந்து வந்த அதிர்வை இன்னும் பெரிதாக்கிவிட்டது.

படிக்கிற காலத்தில், இடிந்த கட்டடம் ஒன்றின் பில்லர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்கி வளைந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த ரிங்குகள் ஒவ்வொன்றும் வாய் பிளந்திருந்தன. ரிங் நுனியை 90 டிகிரி மட்டும் மடக்கியிருந்தார்கள். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. நுனியை 135 டிகிரி மடக்கிப் பில்லரின் உள்ளே விட வேண்டும், மடக்கிய நுனியின் நீளம் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது ஐஎஸ் 13920, அதாவது நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி. பில்லரின் மேல், கீழ் முனைகளில் குறைந்தது ஒன்றரை அடிக்கு ரிங் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு ஆகும் கூடுதல் கம்பிச் செலவு மிகச் சொற்பம். அதனால்தான் எனக்கு இதில் கோபம் அதிகம்.

நிவாரணப் பணிக்குப் போனவர், மதுரை:

நான் பிப்ரவரியில் கட்ச் போனேன். மாவட்டத் தலைநகரான பூஜில் மருத்துவமனையே இடிந்து, காயம்பட்டவர்களைத் திறந்த வெளியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அங்கே புது மருத்துவமனை கட்டினார்கள். அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே, ஈயத் தண்டு வைத்த ரப்பர் தாங்கிகள். நியூசிலாந்தில் உருவான முறை. நிலம் ஆடும்போது ரப்பர் பக்கவாட்டில் நகர்ந்து கொடுக்கும், ஈயம் அதிர்வின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், மேலே கட்டடம் மெதுவாக அசையும். ஆபரேஷன் தியேட்டர் நின்றுபோகக் கூடாத இடத்துக்கு இந்தச் செலவு தகும்.

வடக்கே பன்னி என்ற புல்வெளிப் பகுதிக் கிராமங்களில் புங்கா (bhunga) என்று ஒரு வட்ட மண் வீடு உண்டு. கூம்புக் கூரை, கனமில்லாதது. கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள் சரிந்த பகுதியிலும் அவற்றில் பல நின்றன. வட்டச் சுவரில் பிளந்து விலக மூலை கிடையாது.

முன்பு மணிநகர், இப்போது சென்னை:

பொறியாளர் தம்பிக்கு நன்றி. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் புரிகிறது. மகள் வேளச்சேரியில் வாங்கப்போகும் ஃபிளாட்டிலும் கீழே கார் பார்க்கிங்தான். 2002-லேயே சென்னையை நிலநடுக்க அபாய வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் சேர்த்துவிட்டார்கள். மகளின் கட்டடத்தில் இரண்டாவது தளத்துக்கு இன்னும் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மேஸ்திரியிடம் ரிங்கைக் காட்டச் சொன்னேன். 90 டிகிரிதான். பில்டரிடம் வரைபடத்தைக் கேட்டிருக்கிறேன், அதில் 135 என்று இருந்தால் மடக்கியதைப் பிரிக்கச் சொல்லப்போகிறேன். தம்பி, ஏற்கனவே கான்கிரீட் போட்ட கீழ்த்தளப் பில்லர்களை என்ன செய்வது? வெளியே இரும்புச் சட்டை போட்டு வலுப்படுத்தலாம் என்கிறார்களே, அதை யாரிடம் கேட்க வேண்டும்?