லெலோங் நோட்டீஸும் நாசி லெமாக் கூப்பனும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, தோட்டம் கைமாறித் தொழிலாளர் லைன் வீடுகள் போனபின் வெளியே வந்தவர்கள் வாங்கியது. 42,000 வெள்ளி (ரிங்கிட்) மலிவு விலை வீடு, முப்பது வருடக் கடன். மாதத் தவணை முந்நூறு வெள்ளிக்குள்தான். அதைக்கூடக் கட்ட முடியாமல் வீடு லெலோங்குக்கு, அதாவது ஏலத்துக்குப் போகுமா என்று கேட்பீர்கள். போகும்.

எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு ஃபேக்டரி வேலை. நீரிழிவில் கால் எடுத்தபின் கணவரால் லோரி ஓட்ட முடியவில்லை. பேங்க் கடிதங்களைப் பிரிக்காமலே மளிகைக்கடைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கோவில் செயலாளர் பழைய தோட்டக் கிராணி, அதாவது கணக்கர். அவர்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் படித்தார். நடுவில் 16டி பாரம், தவணை தவறியதற்கான சட்ட நோட்டீஸ். அது வந்தால் ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும். தவறினால் பேங்க் ஏல உத்தரவு கேட்டு மனுப் போடலாம். அந்த ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது. பாக்கி மூவாயிரத்துச் சொச்சம், அதன் தலையில் வக்கீல் செலவு வேறு. ஏலம் முடியும்வரை பணம் கட்டி நிறுத்தச் சட்டத்தில் வழி உண்டாம். ஆனால் உத்தரவு வந்துவிட்டால் மொத்தக் கடனையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆகவே அதற்குமுன் ஓட வேண்டும் என்றார் கிராணி ஐயா.

எப்படிப் பணம் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. கூட்டு, அதாவது ஆளுக்கு ஒரு மாதம் எடுக்கும் சீட்டு, பிடிக்கலாம் என்றார் ஒருவர். அதை 1971லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று என்று ஐயா வாயை அடைத்தார். உண்டியலோடு வீடு வீடாகப் போவதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். அக்கா படத்தை வாட்ஸ்அப்பில் போடலாம் என்றார்கள் இளைஞர்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் மகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

கடைசியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கக் கூப்பன், பத்து வெள்ளிப் புத்தகம். பெரியவர்களுக்கு இது புதிதில்லை. துண்டு போட்டு விற்ற தோட்டங்களை வாங்க, 1960ல் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தானே அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நடத்தினார்? அவரும் நம்மூர்க்காரர். “அப்ப தோட்டம் வாங்கக் குடுத்தோம், இப்ப வீட்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பாட்டி இரண்டு புத்தகம் எடுத்தார்.

விற்பனைக்கு முதல்நாள் ராத்திரி கோவில் சமையல்கட்டில் சம்பலுக்கு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தோம். அந்த அக்காவும் வந்து ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்காக இந்த வேலை என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. “பாவம், எந்தக் குடும்பமோ” என்று ஒருத்தி சொல்ல, இவரும் “ஆமாம்” என்றார்.

பணத்தை அக்கா கையில் தரவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடன் கணக்கிலேயே கட்டினோம். கடனாளி நேரில் வராமல் பேங்க் நம்மிடம் வாய் திறக்காது, தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஏகேபிகே. 2006ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம், காசு கேட்பதில்லை. தவணையைக் குறைக்கப் பேச்சு நடக்கிறது.

*

இதைப் படித்த நானும் அந்த ஊர்தான், இப்போது ஜொகூர் பாருவில். பேர் சொல்லாமல் கேட்டால் வெளியூர்க்காரன் எப்படி நம்புவான், அண்ணே? என் நண்பர்கள் சிலர் அதனாலேயே கூப்பன் வாங்கவில்லை. பேரை மறைத்தாவது பேங்க் ரசீதைக் காட்டியிருக்கலாம். கையில் தராதது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவருக்குச் சேர்த்த பணம் அன்று மாலையே ஆலோங்குக்கு, அதாவது வட்டிமுதலைக்குப் போனது. அடுத்த வருடம் வீடும் போனது. மாதிரிக் காசோலையோடு படம் பிடிக்க வந்த பெரிய மனிதரை அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

*

நானும் ஒன்று சொல்கிறேன். கூப்பன் அடிக்குமுன் ஒன்று பாருங்கள். கடனுக்கு எம்ஆர்டிஏ என்ற வீட்டுக்கடன் காப்பீடு இருக்கிறதா? வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அது அடைக்கும். எங்கள் தெருவில் வேறொரு அம்மா, கணவர் போனபிறகும் பலகாரம் சுட்டு விற்றுத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். முடியாமல் நின்றபோது கோவிலில் பணம் சேர்த்தோம். அதற்கப்புறம்தான் மருமகன் பழைய கடன் ஒப்பந்தத்தைத் தோண்டி எடுத்தான். காப்பீடு உள்ளேயே இருக்கிறது! இறப்புச் சான்றிதழோடு பேங்கில் மனுக் கொடுத்தாயிற்று. சேர்த்த பணத்தை என்ன செய்வதென்று கமிட்டி இன்னும் அடித்துக்கொள்கிறது.